வழிமாறிச் சேரும் குருதி: குழந்தைகளின் இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைகளின் பிறவிக் குறைபாடுகள்

(தென்னேரி அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பிறவி இதயக் கோளாறு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'இதயத்தில் ஓட்டை' என்னும் தொடர்தான். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் எட்டு முதல் பத்துப் பேருக்கு இதயம் ஏதேனும் ஒரு வகையில் குறைபாட்டோடு அமைகிறது என்பதும், அக்குறைபாடுகளுள் அறைகளுக்கு இடையேயான சுவரில் விழும் துளையே மிகுதி என்பதும் உண்மையாகையால், அத்தொடரைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆயினும் வால்வுகளும் கீழறைகளும் ஏறத்தாழ ஒழுங்காக அமைந்திருக்க, இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் பெருஞ்சிரைகள் மட்டும் சேர வேண்டிய அறையை விட்டு வேறோர் அறையில் போய்ச் சேரும் குழந்தைகளும் உண்டு. இவர்களின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் மருத்துவருக்குப் பெரும்பாலும் முணுமுணுப்பு ஒலி எதுவும் கேட்பதில்லை. குழந்தையும் மூச்சு வாங்குகிறதே ஒழிய, கருநீலமாகி எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை. இக்குறைபாடுகளுள் மிகக் கொடியது ஒரே அறுவையில் சீராகக்கூடியது என்பதையும் சேர்த்து எண்ணினால், இக்குழந்தைகளை இழப்பதற்கு நோயின் கடுமையைவிட, அந்த நோயாக இருக்கலாம் என்று எவரும் நினைக்காமற்போவதே பெரிய காரணம் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

சிரை என்பது இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுவரும் நாளம்; இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்வது தமனி. உடல் முழுவதும் சுற்றி உயிர்வளியை இழந்து திரும்பும் குருதி, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் மேற்பெருஞ்சிரை வழியாகவும், வயிறு, கால்கள் ஆகியவற்றிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வழியாகவும் இதயத்தின் வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கும் நுரையீரலுக்கும் சென்று உயிர்வளியை ஏற்ற குருதி, பொதுவாக ஒவ்வொரு நுரையீரலிலிருந்தும் இரண்டாக வரும் நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறையை அடைந்து, இடது கீழறையால் உடலெங்கும் செலுத்தப்படுகிறது. தென்னேரி போன்ற ஏரிப் பாசன ஊரில் இதை விளக்குவது கடினமன்று: ஏரியும் கரையும் மதகும் கலங்கலும் பழுதின்றி இருந்தும், வரத்துக்கால் மட்டும் திசைமாறிப் பக்கத்து ஏரியில் விழுந்துவிட்டால், ஓர் ஏரி கரை ததும்ப நிற்க, மற்றதன் ஆயக்கட்டு காய்ந்துபோகும். நான்கு நுரையீரல் சிரைகளும் இடது மேலறைக்குப் பதிலாக வலப்பக்கத்தில் சேரும்போது நேர்வது ஏறத்தாழ இதுவே. மருத்துவர்கள் இந்நிலையை 'டிஏபிவிசி' என்ற எழுத்துச் சுருக்கத்தால் குறிப்பிடுகின்றனர். தமிழில் 'முழுமையான நுரையீரல் சிரை வழிமாற்றம்' எனலாம். பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகின்றனர்.

இவ்வழிமாற்றம் ஏன் நேர்கிறது என்பதை அறியக் கருவின் நான்காம் வாரத்துக்குச் செல்ல வேண்டும். நுரையீரல் தனியோர் உறுப்பாக முளைப்பதில்லை. உணவுக்குழாயாக மாறவிருக்கும் முன்குடலின் ஓர் அரும்பாகவே அது தோன்றுகிறது. ஆகவே தொடக்கத்தில் அதன் குருதி, முன்குடலைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலின் வழியாக, உடலின் பொதுச் சிரைகளுக்கே வடிகிறது. அதே காலத்தில் இதயத்தின் இடது மேலறையின் பின்சுவரிலிருந்து 'பொது நுரையீரல் சிரை' என்னும் சிறு நாளம் கிளம்பி, அப்பின்னலைச் சென்று தொடுகிறது. தொட்டதும் நுரையீரலின் குருதிக்கு நேர்வழி திறக்கிறது. பழைய இணைப்புகள் சுருங்கி மறைகின்றன. பொது நுரையீரல் சிரை தோன்றாமலோ, தோன்றியும் தொடர்பு பெறாமலோ போனால், பழைய இணைப்புகளுள் ஒன்று மறையாமல் தங்கிப் பருத்து, நுரையீரலின் ஒரே வடிகாலாகிவிடுகிறது. எனவே இக்குறைபாடு புதிதாக முளைத்த விபரீதம் அன்று. பிறந்த ஒவ்வொருவரும் கருவில் சில நாட்கள் கடந்து வந்த நிலையே இக்குழந்தையிடம் நின்றுவிட்டது. 1950-களில் இக்கருவியல் நிகழ்வை ஆராய்ந்து விளக்கியவர்களுள் கேத்தரின் நீல் என்னும் குழந்தை இதய மருத்துவர் குறிப்பிடத்தக்கவர்.

இந்தக் காலக்கணக்கு தாய்மாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கிரகணத்தின்போது வெளியே வந்ததாலும், ஐந்தாம் மாதத்தில் எதையோ தின்றதாலும், தறியில் குனிந்து வேலை செய்ததாலும் குழந்தையின் இதயம் பழுதானது என்று வீட்டிலும் தெருவிலும் பேசப்படுவதுண்டு. நுரையீரல் சிரைகளின் வழி முடிவாவது கரு உருவான முதல் மாதத்தின் இறுதியில், அதாவது மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பெண் கவனித்திருக்கும் வேளையில். வளைகாப்பு மாதத்தில் அவள் செய்ததோ செய்யாததோ அச்சிரைகளைத் தொட்டிருக்க வழியே இல்லை. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்வது பிறவி இதயக் குறைபாடுகளின் வாய்ப்பை ஓரளவு கூட்டுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன என்றாலும், குறிப்பிட்ட ஒரு குழந்தையின் சிரை வழிமாறியதற்கு அதையே காரணமாகக் காட்ட இயலாது.

இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பாகக் கருதப்படுவது 1798-இல் லண்டனில் ஜேம்ஸ் வில்சன் வெளியிட்ட விவரிப்பு. சிரைகளுள் ஒரு பகுதி மட்டும் வழிமாறும் வகையை அதற்கும் முன்னரே, 1739-இல், வின்ஸ்லோ என்னும் உடற்கூற்றியலார் குறித்திருந்தார். இன்றும் வழக்கிலுள்ள பாகுபாடு 1957-இல் டார்லிங்கும் அவருடன் பணிபுரிந்தோரும் செய்தது. சிரைகள் ஒன்றுகூடி மேல்நோக்கி ஏறி மேற்பெருஞ்சிரையின் கிளையில் சேர்ந்தால் அது இதயத்துக்கு மேலான வகை. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளிடம் காணப்படுவது இதுவே. வலது மேலறையிலேயோ, இதயத் தசையின் குருதியை அதனுள் கொண்டுசேர்க்கும் 'கரோனரி சைனஸ்' என்னும் சிரைக்குழியிலேயோ சேர்ந்தால் இதய வகை. கீழ்நோக்கி இறங்கி, உணவுக்குழாயோடு உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் சென்று, கல்லீரலின் சிரைகளில் சேர்ந்தால் இதயத்துக்குக் கீழான வகை. இது பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒவ்வொரு சிரையும் ஒவ்வோர் இடத்தில் சேரும் கலப்பு வகை அரிது.

ஆயினும் குழந்தையின் தலைவிதியைத் தீர்மானிப்பது சிரை எங்கே சேர்கிறது என்பதைவிட, செல்லும் வழியில் நெரிபடுகிறதா என்பதே. நெரிபடாத நிலையில் நுரையீரலிலிருந்து வரும் நல்ல குருதி வலது மேலறையில் கெட்ட குருதியோடு கலக்கிறது. அக்கலவையின் ஒரு பங்கு, மேலறைகளுக்கு இடையே பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் நீள்வட்டத் துளையின் வழியாக இடப்பக்கம் கடந்து உடலுக்குச் செல்கிறது. பிறர்க்கு மூடிக்கொள்ள வேண்டிய அத்துளைதான் இக்குழந்தையின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. எஞ்சிய கலவை மீண்டும் மீண்டும் நுரையீரலுக்கே போவதால் நுரையீரல் குருதியில் ஊறி, சில வாரங்களில் மூச்சிரைப்பும், பால் குடிக்கும்போது தலை வியர்ப்பதும், எடை ஏறாமையும், அடிக்கடி சளிக்காய்ச்சலும் தோன்றுகின்றன. சிகிச்சையின்றி விட்டால் இவர்களுள் ஐந்தில் நால்வர் ஓராண்டைக் கடப்பதில்லை.

நெரிபடும் நிலை முற்றிலும் வேறு. கீழ்வகையில் குருதி கல்லீரலின் மெல்லிய நாளங்களைக் கடந்தே இதயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கருவில் அதற்குக் குறுக்குவழியாக இருந்த நாளமும் பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்கிறது. நுரையீரலுக்குள் நுழைந்த குருதி வெளியேற வழியின்றித் தேங்க, நுரையீரலில் நீர் கோத்து, பிறந்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. தாயின் வயிற்றில் இருந்தவரை நுரையீரலுக்குச் சிறு பங்கு குருதியே சென்றதால் அங்கு எந்தத் தொல்லையும் தெரிந்திருக்காது. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தை என்றே பதிவேட்டில் இருக்கும். குழந்தைகளின் இதய அறுவையில் இரவோடு இரவாகச் செய்தே தீர வேண்டியவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. குறைபாடுள்ள வேறு பல பச்சிளங்குழந்தைகளுக்கு அவகாசம் வாங்கித் தரும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து இங்கே பெரும்பாலும் கைகொடுப்பதில்லை, சிலரிடம் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

கண்டறிவதில் உள்ள இடர்ப்பாடுகளைச் சற்று விரித்துரைப்பது தகும். முதலாவது நிறம். நெரிபடாத வகையில் குருதியின் உயிர்வளிச் செறிவு நூற்றுக்கு 85 முதல் 90 வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் நிற்கிறது. இந்த அளவில் நீலம் பாய்வதை வெள்ளைத் தோலில் காண்பதே அரிது. தமிழ்நாட்டுக் குழந்தையின் மாநிறத்திலோ கருநிறத்திலோ உதட்டைப் பார்த்து முடிவு செய்வது வீண் முயற்சி. நாக்கையும் வாயின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது ஓரளவு உதவும். விரலிலோ பாதத்திலோ பொருத்தி ஒளியால் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அதைவிட நம்பகமானது. பிறந்து 24 மணி நேரம் கழிந்தபின் வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து, 95-க்குக் குறைந்தாலோ இரண்டுக்கும் இடையே 3-க்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மீண்டும் அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்பதும், எந்த நேரத்திலும் 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. அமெரிக்காவில் 2011 முதல் இது எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. எனினும் இக்கருவி கருந்தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் இயல்புடையது என்பது 2020-க்குப் பின் வலுவாக நிறுவப்பட்டுள்ளது. 94-ஐ 'ஏறத்தாழச் சரி' என்று குறித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இந்தக் காரணத்தாலேயே இந்நாட்டில் கூடுதல் ஆபத்தானது.

இரண்டாவது, எக்ஸ்ரே. மேல்வகையில் மார்புப் படத்தில் 8 என்ற எண்ணின் வடிவில் நிழல் விழும் என்று பாடநூல்கள் எல்லாம் கூறுகின்றன. அவ்வடிவம் தோன்ற மாதங்கள் ஆகும் என்பதால், உதவி மிகத் தேவைப்படும் பச்சிளம் பருவத்தில் அது கண்ணில் படுவதில்லை. நெரிபட்ட வகையின் படமோ, சிறிய இதயமும் வெண்மூட்டமான நுரையீரலுமாய், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிராமையைப் போலவோ நிமோனியாவைப் போலவோ தோன்றுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு அப்படி ஒரு படம் வந்து, செயற்கைச் சுவாசம் தந்தும் உயிர்வளி ஏறவில்லை என்றால், அங்கேயே சிரைகளை ஐயுற வேண்டும்.

மூன்றாவது, 'சளி' என்ற சொல்லின் பரப்பு. வாரக் கணக்கில் மூச்சிரைக்கும் குழந்தைக்கு நெஞ்சுச் சளி என்றும் மாந்தம் என்றும் பெயர் சூட்டப்பட்டு, கை வைத்தியமும் ஆன்டிபயாட்டிக்கும் மாறி மாறி நடக்கின்றன. பாலைப் பாதியில் விட்டுவிட்டு அயர்ந்து தூங்கும் குழந்தையைச் 'சமத்து' என்று பாராட்டும் பாட்டிமார்களும் உண்டு; ஒரே மூச்சில் குடித்து முடிக்க இயலாமை, வயது வந்தோர் மாடிப்படி ஏற இயலாமைக்கு நிகரான அறிகுறி என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் அறிந்திருத்தல் பல சோதனைகளுக்கு ஈடாகும்.

நோயை உறுதிசெய்வது எக்கோ எனப்படும் ஒலியலைப் பரிசோதனை. அதிலும் வலப்பக்க அறைகள் பெருத்திருப்பதைக் கண்டு, இடது மேலறைக்குள் ஒரு சிரையேனும் நுழைகிறதா என்று தேடுபவருக்கே அது தென்படும். ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் கருக்குழந்தை ஸ்கேனிலும் இதைக் காண இயலும் என்றாலும், நுரையீரலில் குருதியோட்டம் குறைவாயிருக்கும் பருவம் அது என்பதால் பெரும்பாலான கருக்களில் தவறிப்போகிறது. கலப்பு வகையில் ஐயம் எஞ்சினால் சிடி படம் தெளிவுபடுத்தும்.

ஏனைய சிரைக் குறைபாடுகளுள் பல இத்தனை கொடியவை அல்ல. கருவில் இடப்பக்கமும் ஒரு மேற்பெருஞ்சிரை உண்டு. அது பிறகு சுருங்கி, இதயத்தின் பின்புறம் ஒரு மடிப்பாக மட்டும் எஞ்சுகிறது. 1850-இல் அதை விவரித்த ஜான் மார்ஷலின் பெயராலேயே அம்மடிப்பு இன்றும் வழங்குகிறது. சுருங்காமல் தங்கிவிட்ட இடது மேற்பெருஞ்சிரை ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து பேரிடமும், வேறு இதயக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் அதைவிடப் பன்மடங்கும் காணப்படுகிறது. பெரும்பாலும் கரோனரி சைனஸ் வழியாக வலது மேலறைக்கே அது சேர்வதால் ஆயுள் முழுவதும் தொல்லை தருவதில்லை. கழுத்தின் இடப்பக்கம் குழாய் செலுத்தும் மயக்க மருத்துவரும், பேஸ்மேக்கர் பொருத்துபவரும், இதயத்தைத் திறக்கும் அறுவை மருத்துவரும் முன்கூட்டியே அறிந்திருந்தால் போதும். கீழ்ப்பெருஞ்சிரை கல்லீரலுக்குக் கீழே அறுபட்டு, முதுகெலும்பை ஒட்டிய அசைகோஸ் சிரையின் வழியாக மேலேறிச் செல்வதும் உண்டு. உடலின் இடவல அமைப்பே குழம்பிய குழந்தைகளிடம் இது மிகுதி. தொடைச் சிரை வழியே குழாயைச் செலுத்தும்போது எதிர்பாராமல் தெரியவருவது இதன் வழக்கம்.

வலது நுரையீரலின் சிரைகள் மட்டும் ஒன்றுசேர்ந்து கீழ்ப்பெருஞ்சிரையில் இறங்கும் வகையில், எக்ஸ்ரேயில் இதயத்தின் வலப்பக்கம் துருக்கிய வளைவாளைப் போன்ற நிழல் விழுகிறது. அதனால் 'சிமிட்டார்' நோய்த்தொகுப்பு எனப்படும் இது வலது நுரையீரல் சிறுத்திருப்பதோடு சேர்ந்தே வரும். ஒரே ஒரு சிரை வழிமாறிய குழந்தை பள்ளிக்குச் சென்று ஓடியாடி வளர்ந்து, நடுவயதில்தான் மருத்துவரைக் காண நேரலாம். நான்கும் மாறியவருக்கும் ஒன்று மாறியவருக்கும் ஏறத்தாழ ஒரே பெயரை வைத்திருப்பது மருத்துவ மொழியின் வசதி. பெற்றோருக்கு அது தேவையற்ற திகில்.

முழுமையான வழிமாற்றத்தைச் சீர்செய்யும் அறுவையின் கருத்து எளிது: நுரையீரல் சிரைகள் ஒன்றுகூடும் இடம் இடது மேலறைக்கு நேர் பின்னே கிடக்கிறது, இரண்டையும் திறந்து ஒன்றோடொன்று தைத்து, தவறான வழியையும் மேலறைத் துளையையும் மூடிவிட வேண்டும். இதயத்தைத் திறந்து வைத்து இதைச் செய்ய வழி இல்லாமையே நெடுநாள் தடையாக இருந்தது. 1951-இல் கலிபோர்னியாவில் வில்லியம் முல்லர் ஒரு பகுதித் தீர்வைச் செய்தார். 1956-இல் மினசோட்டாவில் லூயிஸ், வார்கோ குழுவினர் குழந்தையின் உடலைக் குளிரூட்டி முழுச் சீரமைப்பைச் செய்ததையும், அதே ஆண்டில் மேயோ கிளினிக்கில் பரோஸும் கிர்க்ளினும் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு செய்ததையும் அறிவித்தனர்.

தமிழ்நாட்டில் மார்பு அறுவைக்கு வித்திட்டது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1940-களின் இறுதியில் அங்கே அத்துறையைத் தொடங்கினார். அங்கே உருவான கோபிநாத் போன்றோரின் கைகளில் 1960-களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவை வேர்கொண்டது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த கே. எம். செரியன், பின்னர் குழந்தைகளின் இதய அறுவையையும் சென்னையில் ஊன்றச் செய்தார். காஞ்சியின் பெயரைத் தாங்கிய குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, காஞ்சிபுரத்தில் அல்லாமல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருப்பதை இந்த வட்டாரத்தார் அறிவர். சிறப்பு மருத்துவம் தலைநகரிலேயே குவிந்த வரலாற்றுக்கு அது ஒரு சிறு சான்று.

செலவைப் பொறுத்தவரை நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. 2008-இல் தமிழக அரசு இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தையும், 2009-இல் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீட்டையும் தொடங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டறியும் கடமையை அங்கன்வாடி, பள்ளி மட்டம்வரை கொண்டுவந்தது. வாரக் கூலிக்குத் தறியில் அமரும் நெசவாளர் குடும்பம் அறுவைக்காகப் பட்டுப்பாவின் கூலியை முன்பணமாக வாங்கிக் கடனில் மூழ்க வேண்டிய கட்டாயம் இப்போது பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் காப்பீடு, நோயின் பெயர் தெரிந்த பிறகே பேசத் தொடங்குகிறது. தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியோ எட்டாத் தொலைவில் இல்லை. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். சாலையும் 108 ஊர்தியும் இருக்கும்போது, நாட்கள் வீணாவது சாலையில் அன்று, முதல் ஐயம் எழுவதற்கு முன்னர்தான். ஆகவே பிரசவம் நடக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பச்சிளங்குழந்தையின் பாதத்துக்குப் பொருந்தும் உணரியோடு கூடிய ஒரு ஆக்சிமீட்டரும், அளவு குறைந்தால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்ற தெளிவான ஏற்பாடும் இருப்பது, மாவட்டத் தலைநகரில் இன்னுமொரு பெரிய கட்டடம் எழுவதைவிட இக்குழந்தைகளுக்குப் பயன்படும்.

அறுவைக்குப் பிந்தைய காலத்தையும் விட்டுவிடலாகாது. தேர்ந்த மையங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து, மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கின்றனர். ஆயினும் பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலாகவோ, தைத்த இடத்திலோ சிரைகளுக்குள்ளேயோ மீண்டும் குறுக்கம் தோன்றுகிறது. இது பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள், பழைய மூச்சிரைப்பைப் போன்றே தலைகாட்டுவதால், மறுபடியும் சளி என்று எண்ணப்படும் ஆபத்து உண்டு. சிரையின் விளிம்பில் ஊசி படாமல், இதயத்தைச் சுற்றியுள்ள உறையைக் கொண்டு மேலறையோடு இணைக்கும் முறை 1990-களில் டொரன்டோ போன்ற மையங்களில் உருவாகி, இக்குறுக்கத்தைச் சீர்செய்ய இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. சில மையங்கள் முதல் அறுவையிலேயே அதைப் பின்பற்றுகின்றன. எனவே வீடு திரும்பும் குழந்தையின் மருத்துவச் சீட்டில், முதல் ஓராண்டுக்குள் எக்கோ எடுக்க வேண்டிய தேதிகளும், 'மூச்சு வாங்கினால் நிமோனியா என்று கொள்ளுமுன் நுரையீரல் சிரைகளைப் பார்க்கவும்' என்ற ஒரு வரியும், உள்ளூர் மருத்துவரும் செவிலியரும் படிக்கத்தக்க தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.